பொதிகையிலிருந்து தேரி வரை: காலநிலையையும் நிலத்தோற்றத்தையும் சேர்த்துப் படிக்க ஒரு வழி

உலகக் காலநிலை வகைகள் என்ற பாடம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வரும், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்களுக்கும் வரும். மழைக்காடு, சவானா, பாலைவனம், மத்திய தரைக்கடல், தூந்திரா என்று ஒரு அட்டவணை. நிலத்தோற்றங்கள் இன்னொரு பாடம்: ஆறு, காற்று, அலை, பனியாறு. இரண்டையும் தனித்தனியாக உருப்போடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் இரண்டும் தனித்தனியாக மறந்துபோகின்றன.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க நான் சொல்லிக்கொடுக்கும் வழி, மேல்காற்றின், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றின், பின்னாலேயே போவதுதான். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரலைக் கொட்டுகிற அதே காற்றோட்டம்தான் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் காய்ந்த காற்றாகத் தேரி என்கிற செம்மணல் மேடுகளின் மணலைப் புரட்டுகிறது. மழையும் மணலும் ஒரே காற்றின் வேலை என்று புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

கையில் வேண்டியவை: கட்டம் போட்ட தாள், அடிக்கோல், ஒரு வெப்பமானி, பூதக்கண்ணாடி, பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம், சின்ன பாட்டிலில் வினிகர். திசை பார்க்க போன் போதும். தண்ணீர் பாட்டில் பெரியதாக இருக்கட்டும்.

முதலில் வீட்டில் உட்கார்ந்து கணக்கு

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஊர்வாரியாக மாதச் சராசரி வெப்பத்தையும் மழையையும் வெளியிடுகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பாளையங்கோட்டை. பன்னிரண்டு மாத மழையைப் பட்டைகளாகவும் வெப்பத்தைக் கோடாகவும் வரையுங்கள். இந்தப் படத்தை வரையாமல் வகையின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

வகைப்படுத்தும் முறை விளாதிமிர் கோப்பெனுடையது. 1884-இல் வெப்ப மண்டலங்களை வரைபடமாக்கி, பிறகு சாகும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தவர். அவர் தாவரங்களைப் படித்தவர் என்பதை நினைவில் வையுங்கள். எந்தச் செடி எங்கே வளராமல் நின்றுபோகிறது என்று பார்த்துத்தான் அவர் எல்லை எண்களை வைத்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனர் இவருடைய மருமகன். காலநிலையும் நிலமும் ஒரே குடும்பத்துச் சமாச்சாரமாக இருந்திருக்கிறது.

புத்தகம் ஏ, பி, சி, டி, இ என்ற வரிசையில் சொல்லும். கணக்குப் போடும்போது அந்த வரிசையில் போகாதீர்கள். முதலில் இ: ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரியே 10 டிகிரியைத் தொடவில்லையா? அப்படியானால் துருவ வகை, அதோடு நிறுத்திவிடலாம். அடுத்து பி, அதாவது வறட்சி. அதுவும் இல்லையென்றால்தான் மற்ற மூன்றும். மிகக் குளிரான மாதமே 18 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் ஏ, அதாவது வெப்பமண்டலம். பூஜ்யத்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் இருந்தால் சி, மிதவெப்பம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் டி, கடுங்குளிர். சில புத்தகங்கள் பூஜ்யத்துக்குப் பதில் −3 என்று வைத்திருக்கும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் தடுமாறுவது பி-யில்தான். எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் வறட்சி என்பதற்குத் தனியாக ஒரு எண் கிடையாது. வெயில் குடிப்பது போக மிச்சம் என்ன என்பதே கேள்வி. ஆண்டுச் சராசரி வெப்பத்தை 20-ஆல் பெருக்குங்கள். மழையில் குறைந்தது நூற்றுக்கு எழுபது பங்கு கோடைப் பாதியில், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், பெய்தால் 280 கூட்டுங்கள். குறைந்தது எழுபது பங்கு குளிர்ப் பாதியில், அக்டோபர் முதல் மார்ச்சுக்குள், பெய்தால் எதுவும் கூட்ட வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் 140. வருவதுதான் எல்லை எண். ஆண்டு மழை அதைவிடக் குறைவாக இருந்தால் பி. பாதிக்கும் கீழே போனால் பாலைவனம், பாதிக்கும் முழுமைக்கும் இடையில் நின்றால் அரைவறட்சிப் புல்வெளி.

பாளையங்கோட்டைக்கு வெப்பம் 29 டிகிரி, மழை 700 மி.மீ. என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். அச்சடித்த எண்ணும் இதை ஒட்டித்தான் இருக்கும். 20 × 29 = 580. இந்தியா என்றாலே கோடைப் பருவமழை என்று படித்த பிள்ளைகள் உடனே 280 கூட்டி 860 ஆக்கி, "அரைவறட்சி, டீச்சர்" என்பார்கள். ஏட்டி, மழைப் பட்டையைப் பாரு! நமக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தானே கொட்டுகிறது? நம் மழை குளிர்ப் பாதியில் விழுகிறது. அதனால் எதுவும் கூட்டக் கூடாது. 580-ஐ விட 700 பெரிது. ஆகவே பி இல்லை. மிகக் குளிரான மாதமும் 18-க்கு வெகு மேலே இருப்பதால் ஏ. கோடையில் காய்வதால் ஏ.எஸ். உலகப் படத்தில் இந்த ஏ.எஸ். அரிதான நிறம். வெப்பமண்டலத்தில் பெரும்பாலான இடங்களில் கோடையில்தான் மழை.

இந்தக் கணக்கு நூலிழையில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். மழை கொஞ்சம் குறைந்த ஒரு இருபது வருடத்தை எடுத்துப் போட்டால் அதே ஊர் பி-க்குப் போய்விடும். அதனால்தான் ஒரு வரைபடம் நெல்லையை ஒரு நிறத்திலும் இன்னொன்று வேறு நிறத்திலும் காட்டுகிறது. ராதாபுரம் பக்கம் போய் உடைமரம் குடை விரித்து நிற்பதைப் பார்த்தால் நான் யோசிக்காமல் அரைவறட்சி என்றுதான் எழுதுவேன். மரம் பொய் சொல்லாது.

இதே தாளில் ரோமின் படத்தையும் வரைந்து பாருங்கள். அங்கேயும் கோடை காய்ந்து, அக்டோபர், நவம்பரில் மழை. பட்டைகளை மட்டும் பார்த்தால் நம் ஊருக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் வெப்பக் கோடு ஜனவரியில் 18-க்கு வெகு கீழே இறங்கிவிடும். அதனால் அது சி, மத்திய தரைக்கடல் வகை. மழை ஒத்துப்போனாலும் காரணம் வேறு. அங்கே குளிர்காலத்தில் மேலைக் காற்றுகளோடு வரும் தாழ்வழுத்தங்கள். இங்கே வங்கக் கடலைத் தாண்டி வரும் வடகிழக்குப் பருவக்காற்று.

அப்புறம் இன்னும் மூன்று ஊர்களைப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் எந்த மாதமும் 60 மி.மீ.க்குக் கீழே போகாது. அது மழைக்காட்டு வகை. ஜெய்சால்மரில் மழை சுமார் 200, வெப்பம் சுமார் 27, மழை கோடையில்: எல்லை 820, அதில் பாதி 410, ஆகவே பாலைவனம். மூன்றாவது சைபீரியாவின் யாகுட்ஸ்க். அங்கே ஆண்டு மழை ஜெய்சால்மரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனாலும் பாலைவனம் இல்லை, ஊசியிலைக் காடு நிற்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் −9. பெருக்கினால் −180, மழை பெரும்பாலும் கோடையில் என்பதால் 280 கூட்டினால் 100. பெய்வது அதைவிட அதிகம். வெயில் குடிக்காததால் அந்தக் கொஞ்ச ஈரமே போதுமாகிறது. இந்த ஒரு கணக்கைச் செய்தவர்கள் வறட்சி என்றால் என்ன என்பதை மறக்கவே மாட்டார்கள்.

குற்றாலத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு பஸ்

ஆனி, ஆடியில் போக வேண்டும். காலையில் குற்றாலத்தில் நிழலில் வெப்பமானியைப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். ஒவ்வொரு ஊரிலும் வானம், மரம், மண் நிறம் மூன்றையும் ஒரு வரியில் குறியுங்கள். தென்காசியில் தென்னையும் வயலும் ஈரமும் இருக்கும். ஆலங்குளம் தாண்டும்போது மேகம் பின்னால் மலையிலேயே நின்றுவிடும். திருநெல்வேலியில் இறங்கும்போது அதே காற்று முகத்தில் அனலாக அடிக்கும். வெப்பமானியை மறுபடி பாருங்கள். காலையும் மதியமும் என்பதால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். தென்காசியில் இருக்கும் சொந்தக்காரரைப் போனில் கூப்பிட்டு அதே நேரத்து அளவைக் கேட்டால் நியாயமான ஒப்பீடு கிடைக்கும்.

காரணம் எளிது. கேரளப் பக்கம் 28 டிகிரியில் ஈரக்காற்று மலை ஏறத் தொடங்குகிறது என்று வையுங்கள். மேகமாகத் திரண்டுகொண்டே ஏறும் காற்று ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரிதான் குளிரும், ஏனென்றால் நீராவி நீராகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் 22. மழையை அங்கேயே கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த காற்று. காய்ந்த காற்று இறங்கினால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி ஏறும். கீழே வரும்போது 32. ஏறிய அதே உயரத்தைத்தான் இறங்கியிருக்கிறது. நாலு டிகிரி லாபம், ஈரம் நஷ்டம். ஆல்ப்ஸில் ஃபான், ராக்கி மலையில் சினூக் என்று பெயர் வைத்துப் படிப்பதும் இதைத்தான். ஆண்டிஸுக்குக் கிழக்கே பட்டகோனியா காய்வதற்கும் இமயமலைக்குப் பின்னால் லே காய்வதற்கும் இதே மழைமறைவுதான் முக்கியக் காரணம்.

மலைச்சுவரில் இடைவெளி இருக்கும் இடங்களில் காற்று நெருக்கிக்கொண்டு வேகமாக வரும். ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய் ஒன்று. அதனால்தான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் கிடைக்கிறது. தெற்கே ஆரல்வாய்மொழி இன்னொன்று. முப்பந்தல், பணகுடிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே கணவாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் இரண்டு பருவமழையும் கொட்டும். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் இடங்களில் அவை சேர்த்தி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. கிடைக்காவிட்டால் விடுங்கள், மணிமுத்தாறு அணைக்கரையிலிருந்து மேகத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும்.

இங்கே ஆற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஆனியில் சமவெளி காய்ந்து கிடக்கும்போது கார் நெல் எப்படி நடுகிறார்கள்? தண்ணீர் பொதிகையில் பெய்த தென்மேற்குப் பருவமழை. அடுத்த போகமான பிசானத்துக்கு வடகிழக்கு மழை. வயல் ஒரு காலநிலையில் இருக்கிறது, அதற்குப் பாயும் ஆறு வேறொரு காலநிலையில் பிறக்கிறது. எகிப்துப் பாலைவனத்தில் நைல் நதி ஓடுவதும் இப்படித்தான்; அதன் வெள்ளம் எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழை.

ஆற்றோடு கல் பொறுக்கிக்கொண்டு

தாமிரபரணி பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலைச் சேர சுமார் 125 கிலோமீட்டர். ஒரு ஆற்றின் முழு ஆயுளையும் ஒரே மாவட்டத்துக்காரர்கள் பார்க்க முடிவது பெரிய கொடுப்பினை. இப்போது நடுவில் மாவட்டக் கோடு போட்டுவிட்டார்கள் என்றாலும் ஆற்றுக்கு அது தெரியாது.

பாபநாசத்தில் தொடங்குங்கள். அங்கே ஆறு கீழ்நோக்கி அறுப்பதால் பள்ளத்தாக்கு வி வடிவம். அருவிக்குக் கீழே பாறையில் வட்டக் குழிகள் இருக்கும். சுழலில் மாட்டிய கூழாங்கற்கள் காலகாலமாகச் சுற்றிக் குடைந்தவை. வழுக்கும், ஆழம் தெரியாது, இறங்காதீர்கள். கரையிலிருந்தே தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு படித்துறையிலும் கண்ணை மூடிக்கொண்டு இருபது கல் எடுங்கள். நீளப்பக்கத்தை அடிக்கோலால் அளந்து சராசரி போடுங்கள். முனை கூர்மையா, உருண்டதா என்றும் எழுதுங்கள். பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, ஸ்ரீவைகுண்டம் என்று கீழே வர வர கல் சிறுத்து, உருண்டு, மணலாகி, கடைசியில் வண்டலாகும். சரிவு குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஆறு முதலில் பெரிய கல்லைக் கீழே போடும். ஒரு எச்சரிக்கை: மணல் அள்ளிய இடங்களில் இந்தக் கணக்கு ஒத்து வராது. அணைகளும் அணைக்கட்டுகளும் கல்லையும் மணலையும் வழியிலேயே நிறுத்திக்கொள்கின்றன. அதனால் கசமும் (ஆற்றின் ஆழமான மடு) படித்துறையும் கலையாமல் இருக்கிற இடமாகப் பார்த்து அளங்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் நிற்பது ஆற்றுக்குள் இருக்கும் பாறையில். சுற்றிலும் மணல், நடுவில் பாறை ஏன் என்று யோசித்தால் கடினப் பாறை அரிப்புக்குத் தாக்குப்பிடிக்கும் பாடம் வந்துவிடும்.

அந்தப் பாடத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பொத்தைக்குப் போங்கள். நம் சமவெளியில் அங்கங்கே மொட்டைப் பாறையாக நிற்கிற பொத்தைகள் எல்லாம் மிச்சம். சுற்றியிருந்த பாறையில் விரிசல் அதிகம், தண்ணீர் நுழைந்தது, மக்கியது, மழை வாரிக்கொண்டு போனது. விரிசல் குறைந்த பாறை தப்பி நிற்கிறது. ரியோ நகரத்துச் சுகர்லோஃப் மலையும் இந்த ஜாதிதான். பாறையின் மேல்பரப்பு வெங்காயத் தோல் மாதிரி உரிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பகல் வெயில், இரவுக் குளிர் என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். மேலே அழுத்திக்கொண்டிருந்த பாறை அரிந்துபோனதும் அடியில் இருந்தது விரிந்து பிளப்பதும், விரிசலில் இறங்கும் நீர் கனிமத்தை மக்கச் செய்வதும்தான் பெரிய வேலை. மக்கிய பாறையின் இரும்பு துருவாகிச் செவல் என்கிற செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கிறது.

தண்ணீர் பாறையைக் கரைக்கவும் செய்யும். திசையன்விளைப் பக்கம் ஆயன்குளத்தில் ஒரு கிணறு 2021 மழையில் வாரக்கணக்கில் வெள்ளத்தை வாங்கியும் நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறையில் நீர் கரைத்த குகை வழிகள். அந்தப் பக்கத்துக் கல்லை உரசிப் பொடியாக்கி வினிகர் விட்டால் நுரைக்கும். பொத்தைக் கல்லில் நுரை வராது. மேகாலயாவின் குகைகளுக்கும் வியட்நாமின் ஹாலாங் விரிகுடாவுக்கும் அடிப்படை இந்த நுரைதான்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டினால் கழிமுகம். பாண்டியர்களின் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் என்று சொல்லப்படும் பழையகாயலும் கடலை விட்டு விலகிவிட்டது. பொதிகையில் உடைந்த கல் வண்டலாக இங்கே வந்து கடலைத் தள்ளியிருக்கிறது. இதெல்லாம் மெதுவாக மட்டும்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. பாளையங்கோட்டைக்கு நாம் வைத்த ஆண்டுக் கணக்கே 70 செ.மீ. தான்! குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. சராசரி காலநிலையைச் சொல்லும். நிலத்தைச் செதுக்குவதில் இப்படிப்பட்ட ஒரு நாள் பல வருட வேலையைச் செய்துவிடும்.

தேரி

குதிரைமொழித் தேரிக்கு விடியற்காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் மணல் காலைச் சுடும். மணலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெறும் குவார்ட்ஸ் மணிகள், மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு. சிவப்பு அந்தப் பூச்சு. காந்தத்தை ஓட்டினால் கறுப்புத் துகள்கள் கொஞ்சம் ஒட்டும். மேல்காற்றுக் காலமென்றால் பரப்பில் சின்னச் சின்ன அலைவரிகள் இருக்கும். சாய்வான பக்கம் காற்று வரும் திசை, செங்குத்தான பக்கம் காற்று போகும் திசை. போனில் திசை பார்த்துக் குறித்து, அன்றைய காற்றோடு ஒப்பிடுங்கள். சஹாராவின் பெருங்குன்றுகளையும் இதே விதியில் படிக்கலாம்.

இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி. மலையடிவாரச் செம்மண்ணை மேல்காற்று தூக்கி வந்தது என்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் விளக்கம். கடற்கரை மணல்தான், இங்கேயே கிடந்து கிடந்து சிவந்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் படுகிறது. எப்படியானாலும் காற்று காயாமல் இந்த மணல் கிளம்பியிருக்காது.

தேரியில் ஓடை தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்காது. மழை விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் தாழ்ந்த இடத்தில் சுனையாக வெளியே வரும்; மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் பார்க்கலாம். மேலே பனை, அடியில் நல்ல தண்ணீர். ஆண்டு மழையை மட்டும் பார்த்து ஒரு நிலத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து மணப்பாடு பக்கம்தான். கடலுக்குள் நீட்டிய மணற்பாறை மேடும் அதை ஒட்டி வளரும் மணல்திட்டும் இருக்கின்றன. அலை கரைக்குச் சாய்வாக வரும்போது மணலைக் கரையோரமாகவே நகர்த்தும். ஒரு தென்னை மட்டையை அலையில் போட்டு, அரை மணி நேரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று கரையில் நடந்து அளங்கள். ஆடியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை செய்தால் திசை மாறுகிறதா என்றும் தெரிந்துவிடும்.

இங்கே பார்க்க முடியாதவை

பனியாறும் உறைமண்ணும் நம்மிடம் இல்லை. இதற்குச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து கங்கோத்ரியையும் பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த நார்வேயின் ஃபியோர்டுகளையும் பாருங்கள். பாபநாசத்தின் வி வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டு, பனியாறு அடியையும் பக்கங்களையும் சேர்த்துத் தேய்த்த யு வடிவத்தோடு ஒப்பிடுங்கள். சி வகைக்கு ஊட்டி போதும்.

டி வகைக்கு ஒரு வீட்டுப்பாடம். தென் அரைக்கோளத்தில் யாகுட்ஸ்க் மாதிரி ஒரு ஊரைத் தேடுங்கள். உலகப் படத்தில் தெற்கு அட்சம் 50-லிருந்து 65 வரை விரலை ஓட்டிக்கொண்டே போனால், ஏன் கிடைக்கவில்லை என்பது விரலுக்கே தெரிந்துவிடும்: அங்கே இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே கடல்.